சவடால் என்று ஒருவரும் சொல்லவில்லை

மாமா, உங்கள் தொப்பி என் மடியில் இருக்கிறது. விறகுப் புகையும் தேங்காயெண்ணெயும் கலந்த அந்த வாடை இன்னும் போகவில்லை. இன்று காலை உங்கள் அறைக்குப் புதுக் குடும்பம் வந்தது. ரிங்லெட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். அந்த அம்மாள் அறையைக் கூட்டிக் குப்பையை வாசலில் தள்ளும்போது தொப்பியும் சேர்ந்து வந்து விழுந்தது. "இது யாருதுங்க?" என்று கேட்டார். குழாயடியில் குடத்தோடு நின்ற அஞ்சலை அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது ஒரு சவடாலுது. தூக்கிப் போடுங்க" என்றார்.

பதினோரு மாதமாக அந்தச் சொல்லை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. உங்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன அன்று அது காணாமல் போனது. இன்று எதுவுமே நடக்காதது போலத் திரும்பி வந்துவிட்டது.

தொப்பியை நான் எடுத்துக்கொண்டேன். இப்போது கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். விளக்குத் திரியை இறக்கி, ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறேன். இந்த நேரத்தில் வெளிச்சம் வெளியே தெரிந்தால் காவலுக்குச் சுற்றி வருகிறவர்கள் கதவைத் தட்டுவார்கள். இந்தத் தாள் யார் கையிலாவது கிடைத்தால் அதைவிடப் பெரிய ஆபத்து. எழுதி முடித்ததும் அடுப்பில் போட்டுவிடலாம் என்றுதான் இருக்கிறேன். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இன்று சாயங்காலம் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து உங்களுக்கு அதுதான் பெயர். பெரியவர்கள் முகத்துக்கு நேராகச் 'சவடாலு' என்பார்கள். பிள்ளைகள் நாங்கள் கொஞ்சம் மரியாதை சேர்த்துச் 'சவடால் மாமா' என்போம். நீங்களும் கூப்பிட்ட பக்கம் திரும்பிப் பார்ப்பீர்கள். தேயிலை ஃபேக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை உங்களுக்கு. ஆனால் நீங்கள் சொல்லிக் கேட்டால், துரை ஒவ்வொரு நாளும் தூளை உங்கள் மூக்கில் காட்டாமல் பெட்டியில் அடைக்கவே மாட்டார். ரிங்லெட்டில் கடை முதலாளி உங்களைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். ஜப்பான்காரன் காலத்தில் ஒரு ஆபீசர் உங்கள் மீசையைப் பார்த்து ஒதுங்கி வழி விட்டான். மலைமேல் புலி ஒன்று குறுக்கே வந்தபோது நீங்கள், "நீ முன்னால போ, எனக்கு அவசரமில்ல" என்றீர்களாம்.

"புலி என்ன சொல்லிச்சு?" என்று யாராவது கேட்பார்கள்.

"அதுக்கு என்ன தெரியும், பாவம். தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருச்சு."

குழாயடி முழுவதும் சிரிக்கும். உங்கள் சவடாலில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. ஒன்பது பேர் படிக்கிற வகுப்பில் நான் நாலாவதாக வந்தேன். நீங்கள் மலை முழுக்க, "நம்ம புள்ளதான் மொதலு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். "இது தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கே டாக்டரா வரப்போவுது. மொத நோயாளி நான்தான், இப்பவே சொல்லிட்டேன்" என்றீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அடுத்த பரீட்சையில் மூன்றாவதாக வந்தேன்.

ஒருநாள் வாத்தியாரின் மேசையிலிருந்த அகராதியில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். வீண்பேச்சு, பகட்டு என்று இரண்டே சொல்லில் முடித்திருந்தார்கள். எனக்குப் போதவில்லை. பொய் சொல்கிறவன் எதையாவது தப்பிக்கவோ பிடுங்கவோ சொல்கிறான். உங்களுக்கு அப்படி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கேட்க நாலு பேர் இருந்தால் போதும். நாங்களும் அந்தச் சொல்லைக் கெட்ட வார்த்தையாகச் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் உங்களைப் பற்றி வேறு எதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதற்குத்தான் அதை வைத்துக்கொண்டிருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

வேலி வந்த பிறகும் நீங்கள் மாறவில்லை. லயத்தைச் சுற்றி இரட்டை வரிசை முள்கம்பி போட்டு, கேட்டில் துப்பாக்கியோடு ஆட்களை நிறுத்தினார்கள். காட்டுக்குள் ஒளிந்திருந்து சண்டை போடுகிறவர்களுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்றார்கள். கொழுந்து பறிக்கப் போகிற பெண்களின் கூடைகளைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒரு பிடிச் சோறு கையில் இருந்தாலும் ஜெயில். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் அன்று எங்களுக்கு வேலியைவிட முனியைப் பற்றிய பயம்தான் அதிகமாக இருந்தது.

முனியின் இடம் கடைசி மலையில், காடு தொடங்குகிற பாறையடியில் இருந்தது. வருஷா வருஷம் ஆடியில் ஒவ்வொரு வீடும் ஒரு பிடி அரிசி கொடுக்கும். அதைப் பொங்கி, கோழி அடித்து, சுருட்டோடு ஒரு ஆம்பிளை தனியாகக் கொண்டுபோய்ப் பாறையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாது. போன வருஷம் வேலியால் யாரும் போகவில்லை. ஆவணியில் பிள்ளைகளுக்கெல்லாம் காய்ச்சல் வந்தது. என் தம்பி பன்னிரண்டு நாள் கண்ணைத் திறக்கவில்லை. அவன் பிழைத்ததும், நேர்ந்துகொண்ட கோழியை எப்படிக் கொடுப்பது என்று அம்மா அழுதார்.

"நான் கொண்டு போறேன்" என்றீர்கள்.

"சும்மா இரு சவடாலு. கேட்டுல நிக்கிறவன் உன் மீசையைப் பார்த்து வழி விடமாட்டான்" என்றார் அஞ்சலை அக்கா.

"விறகு லோரியில நான் தெனம் காட்டோரம் போய்க் கட்டை ஏத்திட்டு வரேன்லா. சாக்குக்கு அடியில வச்சா யாரு பார்க்குறா? நானும் முனியும் ஒரே சுருட்டை மாத்தி மாத்திப் பிடிச்சவங்க. எனக்குச் செய்யமாட்டாரா?"

யாரும் நம்பவில்லை. இருந்தாலும் அன்றே எல்லா வீட்டிலிருந்தும் பிடியரிசி வந்தது. பங்கீட்டு அரிசி மாமா அது. வாரக் கடைசியில் கஞ்சிக்கே போதாது. ஆனாலும் ஒரு வீடுகூட விடவில்லை.

சனிக்கிழமை அம்மா பொங்கினார். தூக்குவாளியையும் படையல் இலையையும் கொழுந்துக் கூடையில் வைத்து, துணி போட்டு மூடி, ஃபேக்டரி பின்பக்க விறகுக் கொட்டகையில் உங்களிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். சுருட்டை வைக்க மறந்துவிட்டார். "ஓடு, ஓடு, லோரி கிளம்புறதுக்குள்ள குடுத்துட்டு வா."

நான் ஓடினேன். எதிரே லோரி கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வந்ததுதான் வந்தோம் என்று கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போனேன். விறகு அடுக்குக்குப் பின்னால் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். தூக்குவாளி மடியில் இருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தீர்கள்.

"மாமா, லோரி போயிருச்சே."

"வயித்து வலின்னு சொல்லிட்டேன்."

"வலிக்குதா?"

"கேட்டுல இன்னைக்கு நாய் கொண்டாந்திருக்கானுங்க புள்ள." வாளியின் மூடியை உள்ளங்கையால் அழுத்தினீர்கள். "எனக்குப் பயமா இருக்கு. காலு வரமாட்டேங்குது."

உங்கள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அழுகை வந்தது. நான் அழுவதைப் பார்த்துத்தான் நீங்கள் எழுந்தீர்கள். தூக்குவாளியை முனியின் மலைப் பக்கம் மூன்று தடவை தூக்கிக் காட்டினீர்கள். ஏதோ முணுமுணுத்தீர்கள். பிறகு, "காட்டியாச்சு. அவருக்குத் தெரியும். வீட்டுக்குத் திரும்பக் கொண்டு போகக்கூடாது, கீழ கொட்டவும் கூடாது. உக்காரு" என்றீர்கள்.

நாம் சாப்பிட்டோம். அதைத்தான் மாமா நான் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். மிளகு தூக்கலாகப் போட்ட கோழி. வெள்ளைச் சோறு. எத்தனை மாதமாயிற்றோ அப்படிச் சாப்பிட்டு. தம்பியின் உயிருக்கு நேர்ந்த சோறு என்று தெரிந்தும் என் கை நிற்கவில்லை. தொடையை எனக்கு வைத்துவிட்டு நீங்கள் கழுத்தை எடுத்துக்கொண்டீர்கள். எலும்பையும் இலையையும் ஃபேக்டரி அடுப்பில் தள்ளிவிட்டு வந்து, "ஒருத்தர்கிட்டயும் சொல்லாத. உன்னையும் திட்டுவாங்க, நானும் சிரிப்பாச் சிரிச்சுப் போவேன்" என்றீர்கள். தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். நீங்களும் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலம் குழாயடியில் எல்லோரும் உங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

"என்ன சவடாலு, முனி சாப்பிட்டாரா? வெத்தலை கேட்டாரா?"

நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். பிறகு மீசையைத் தடவினீர்கள். "லோரியில போனா நாய் மோப்பம் பிடிச்சிரும்னு வேலிக்கு அடியில பூந்து போனேன். ஒரு முள்ளு என் சட்டையைத் தொடலை. பாறைகிட்ட போனா, ரெண்டு பக்கமும் துப்பாக்கியோட நிக்கிறானுங்க காட்டுக்காரனுங்க. யார்ரான்னான். முனிக்குச் சோறு கொண்டாந்தவன், தள்ளி நில்லுன்னேன். நின்னான். திரும்பிப் பார்க்காம வந்தேன். ஆனா பின்னால இலையை வழிச்சு நக்குற சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

"அளக்குறதுக்கு ஒரு அளவு வேணாமாய்யா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். அந்தக் கும்பிடைப் பார்த்தபோது இதுவே நல்லது என்று நினைத்தேன். அதற்காகத்தான் நீங்கள் சொன்னீர்களோ என்று இப்போது நினைக்கிறேன்.

சிரித்தவர்களில் யார் போய்ச் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. புதன்கிழமை காலை, ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக் களத்தில், பிள்ளைகள் உட்பட எல்லோரையும் நிறுத்தினார்கள். ஜீப்பில் வந்த வெள்ளைக்கார அதிகாரி பேசப் பேச, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்த தமிழர் ஒருவர் அதைத் தமிழில் சொன்னார். அவர் ஒரு பெயரைப் படித்தார். களத்தில் பாதிப்பேருக்கு அது யாருடைய பெயர் என்று தெரியவில்லை. நீங்கள் முன்னால் போன பிறகுதான் தெரிந்தது, உங்களுக்கு அப்படி ஒரு பெயர் இருக்கிறதென்று.

"வேலிக்கு அடியில பூந்து போய்க் காட்டுல சோறு வச்சதா நீயே சொன்னியாமே?"

"சும்மா பேச்சுங்கய்யா. நான் போகவே இல்ல."

"துப்பாக்கி வச்சிருந்தவங்ககிட்ட பேசினியா?"

"இல்லைங்கய்யா. வாய் அப்படி. கேட்டுப் பாருங்க, இவங்களுக்கெல்லாம் தெரியும்." நீங்கள் எங்கள் பக்கம் திரும்பினீர்கள். சிரிக்கப் பார்த்தீர்கள். "சொல்லுங்கய்யா. என்னை என்னன்னு கூப்பிடுவீங்க? சொல்லுங்களேன். அஞ்சலை, நீ சொல்லு தாயி."

அஞ்சலை அக்கா தரையைப் பார்த்தார். கங்காணி தொண்டையைச் செருமினார், பேசவில்லை. தினமும் நூறு தடவை சொன்ன சொல் அது. குழாயடியில், களத்தில், கொழுந்து நிறுக்கிற இடத்தில் எங்கும் சொன்னோம். அதை ஒருவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால், அப்புறம் இன்னொருவர் சிரித்திருப்பார், எல்லோரும் சிரித்திருப்போம், அந்த அதிகாரிக்கும் புரிந்திருக்கும். ஆனால் வாயைத் திறந்தால், உனக்கெப்படித் தெரியும், அப்படியானால் அந்த அரிசி யாருடையது என்று கேட்பார்கள். ஒவ்வொரு வீட்டின் பிடியும் அதில் இருந்தது.

இஸ்திரிச் சட்டைக்காரர் மறுபடியும் கேட்டார். "போகலைன்னா சோறு எங்க போச்சு?"

"நானே தின்னுட்டேன்."

"ஒத்த ஆளா? முழுக் கோழியவா?"

நீங்கள் நிமிர்ந்தீர்கள். "என் வயிறு அப்படிங்கய்யா. ரெண்டு கோழி வச்சாலும் நிரம்பாது."

"யாரு சமைச்சா?"

அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. நகம் பதிந்தது. நீங்கள் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. அன்று களத்தில் நின்ற எல்லோரையும் பார்த்தீர்கள். எங்கள் இருவரை மட்டும் பார்க்கவில்லை.

"நான்தான். இந்த மலையிலேயே என்னை மாதிரி சமைக்க ஒரு ஆளு கிடையாது. துரை பங்களா குசினிக்காரனே என்கிட்ட வந்துதான் பக்குவம் கேட்பான்."

உங்களுக்கு உலை வைக்கக்கூடத் தெரியாது. தினமும் யார் வீட்டிலாவது வாங்கித்தான் சாப்பிட்டீர்கள். அது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நாம் சாப்பிட்டோம், நான் பார்த்தேன், இவர் எங்கும் போகவில்லை என்று எனக்கு மட்டும்தான் சொல்லத் தெரியும். மூன்று வரி. நெஞ்சுக்குள் அதை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றேன். சத்தியம் செய்திருக்கிறேனே என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். சத்தியம் இல்லை மாமா, பயம். ஜீப் திரும்பி, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் பனிக்குள் போகும் வரை அந்த மூன்று வரியும் வாய்க்குள்ளேயே இருந்தது.

தம்பி நன்றாக இருக்கிறான். வேலி ஓரமாக ஓடி விளையாடுகிறான். சோற்றைத் தின்றதற்கு முனி எங்களை ஒன்றும் செய்யவில்லை.

உங்களை எங்கேயோ ஒரு முகாமில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். போன மாதம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஆபீசிலிருந்து வந்து, உங்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அன்றைக்கு லயத்தில் எல்லோருக்கும் முகம் தெளிந்தது. காரணம் என்னவென்று எனக்குத் தெரியும். உங்கள் ஊரைப் பற்றி நீங்கள் சொன்ன கதைகளை ஒன்றொன்றாக எடுத்துப் பேச ஆரம்பித்தார்கள். ஆற்றங்கரை வீடு, நாற்பது தென்னை, தம்பி பட்டாமணியம். உங்கள் பேச்சில் ஒன்றைக்கூட நம்பாதவர்கள் இதை மட்டும் நம்பினார்கள். நம்பாவிட்டால் தூங்க முடியாது.

இன்று சாயங்காலம் குழாயடியில் புது அம்மாளுக்கும் அதே கதையைச் சொன்னார்கள். "அவருக்கென்ன, ஊர்ல நாப்பது தென்னை இருக்கு. இளநி குடிச்சுக்கிட்டு ராஜா மாதிரி உக்காந்திருப்பாரு" என்றார் அஞ்சலை அக்கா.

கோழி தின்ற அன்று, விறகு அடுக்குக்குப் பின்னால் நீங்கள் சொன்னது எனக்கு நினைவு வந்தது. கழுத்து எலும்பைச் சப்பிக்கொண்டே, யாரோ வேறு ஒருவரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னீர்கள். "எட்டு வயசுல ஒரு ஆளு கூட்டியாந்தான். அம்மா செத்திருந்துச்சு. ஊரு பேரு எனக்குத் தெரியாது புள்ள. ஒரு பெரிய கிணறு இருந்துச்சு, அதுதான் ஞாபகம்."

நான் சொல்லிவிட்டேன். "அவருக்கு ஊரே கிடையாது. ஒரு தென்னைகூடக் கிடையாது. பேருகூடத் தெரியாத ஊருக்கு அனுப்பிட்டோம்."

அஞ்சலை அக்கா மெதுவாகக் கேட்டார், "உனக்கெப்படித் தெரியும்?"

அன்று களத்தில் எல்லோரும் பயந்த கேள்வி அது. "அன்னைக்கு அவர் எங்கயும் போகல. நானும் அவரும்தான் சேர்ந்து சாப்பிட்டோம். அப்ப சொன்னாரு" என்றேன்.

அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்து கதவைத் தாழிட்டார். அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. மூலையில் உட்கார்ந்துகொண்டு, "பதினோரு மாசம் பொறுத்தியே, இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா" என்று மட்டும் சொன்னார். இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிகிறது. உங்களைப் பற்றிப் போய்ச் சொன்ன ஆள் இன்னும் இந்த லயத்தில்தான் இருக்கிறார். நான் பேசியபோது குழாயடியிலும் இருந்திருக்கலாம்.

காலையில் ஜீப் வந்தால் அந்த இஸ்திரிச் சட்டைக்காரர் அம்மாவைத்தான் கேட்பார், சமைத்தது யார் என்று. அவர் கேட்டு முடிக்கும் முன் நான் முன்னால் போய்விடவேண்டும். எனக்குச் சோறு குழையாமல் வடிக்கத் தெரியாது, மாமா. ஆனாலும், அந்தக் கோழியை அடித்தது நான், அறுத்தது நான், மிளகு இடித்தது நான், என் கைப்பக்குவத்துக்கு ரிங்லெட்டிலிருந்தே ஆள் வரும் என்று கண்ணைத் தாழ்த்தாமல் சொல்லவேண்டும். போர்வைக்குள் வாயை மூடிக்கொண்டு நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். கடைசித் தடவைதான் குரல் நடுங்காமல் வந்தது.